கனடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிகளில் கோச்சுங்க வேலையை எப்படிப் பிரிச்சுக்கிறாங்க? நம்ம பசங்களுக்கு அதுல எது உதவும்?

வியாசை லெஃப்ட் விங்:

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில சாயங்கால கோச்சிங் ஒண்ணு நடக்குது. அண்டர்-13ல 30 பசங்க, அண்டர்-15ல 24, அண்டர்-17ல 20. கோச் நாலு பேர், அதுல ஒருத்தர் கோல்கீப்பருங்களை மட்டும் பார்க்கிறவர். நாலு பேருமே வேலைக்குப் போயிட்டு வர்றவங்க. கிரவுண்டுல பாதிதான் கிடைக்கும், மீதிப் பாதியில கிரிக்கெட் ஓடும். அஞ்சு மணியில இருந்து ஆறரை வரைக்கும்தான் நேரம்.

ஆள் பத்தலைங்கிறதை விட, இருக்கிற நாலு பேரும் ஒரே பையனைப் பார்த்து நாலு விதமா கத்துறதுதான் பெரிய சிக்கல். ரைட் பேக்கை ஒருத்தர் "ஏறு"ங்கிறார், இன்னொருத்தர் "நில்லு"ங்கிறார். பையன் நடுவுல முழிக்கிறான். மேட்ச் அன்னைக்கு யாரை எப்ப மாத்துறதுங்கிறதுலயும் இதே கூச்சல்தான்.

கனடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிங்களைப் பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் பத்துப் பன்னிரண்டு கோச் பேர் இருக்கு. அது நம்ம ஆட்டம் இல்ல, முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் பேட் எல்லாம் தெரியும். ஆனா அத்தனை பேர் ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடாம எப்படி ஓட்டுறாங்க? யார் எதைப் பார்ப்பாங்க, யார் பேச்சு கடைசிப் பேச்சு? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

தண்டையார்பேட்டை டு ஹாமில்டன்:

தம்பி, முதலில் விதியைப் பாருங்கள். அந்தப் பதவிகள் ஏன் அப்படிப் பிரிகின்றன என்பது அதிலிருந்துதான் வருகிறது.

கனடா ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 12 பேர். மைதானம் 110 கெஜம் நீளம், 65 கெஜம் அகலம், அதைத் தாண்டி இரண்டு முனையிலும் 20 கெஜ எண்ட் ஜோன் (பந்தைக் கொண்டு சேர்த்தால் புள்ளி கிடைக்கும் பகுதி). பந்து வைத்திருக்கும் அணி 10 கெஜம் முன்னேற மூன்று டவுன், அதாவது மூன்று வாய்ப்பு, கிடைக்கும். அமெரிக்காவில் நான்கு. மூன்றாவதிலும் முடியாவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அதனால் பெரும்பாலும் மூன்றாவது டவுனில் பந்தை உதைத்துத் தூரமாக அனுப்பிவிடுவார்கள். ஆக, நிஜமாகக் கையில் இருப்பது இரண்டே டவுன். நடுவர் விசில் ஊதியதும் 20 விநாடிக்குள் அடுத்த பிளே (பந்தை இயக்கி ஆடும் ஒரு நகர்வு) தொடங்க வேண்டும். பந்து கை மாறினால் ஆட்டம் நிற்கும். தாக்கும் 12 பேர் வெளியே போவார்கள், தடுக்கும் 12 பேர் உள்ளே வருவார்கள். உதைக்கும் பிளேக்களுக்கு இன்னொரு 12.

மூன்று தனிக்கூட்டம் இருப்பதால் மூன்று கோஆர்டினேட்டர்.

அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தாக்கும் பக்கத்துத் திட்டத்தை எழுதுகிறவர், ஆட்டத்தில் பிளேவை அழைக்கிறவரும் அவரே. 20 விநாடியில் பிளே பெயர், களத்தில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் போய், அவர் மற்றவர்களுக்குச் சொல்லி, எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேர் பேச அங்கே நேரமே கிடையாது. கை சைகை, மணிக்கட்டில் எண் போட்ட சீட்டு என்று வழி எதுவானாலும் அழைப்பவர் ஒருவர்தான். மற்ற கோச்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒரு சீரிஸ் (பந்து கையில் இருக்கும் ஒரு சுற்று) முடிந்து வீரர்கள் பெஞ்சுக்கு வந்த பிறகு சொல்வார்கள்.

டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தடுக்கும் பக்கம். கனடாவில் இந்த வேலை கொஞ்சம் கூடுதல் கடினம். தாக்கும் அணியின் ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிக்கிறவர்கள்) பந்து நகர்வதற்கு முன்பே எந்தத் திசையிலும் ஓடத் தொடங்கலாம். தடுக்கும் அணியோ பந்திலிருந்து ஒரு கெஜம் தள்ளி நிற்க வேண்டும். ஓடி வருகிறவனை யார் எடுப்பது, அவன் பக்கம் மாறினால் யாரிடம் கைமாற்றுவது என்பதை ஒவ்வொரு அமைப்புக்கும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பொதுவாக முன்வரிசையில் நான்கு லைன்மேன், அவர்களுக்கு அடுத்து மூன்று லைன்பேக்கர், பின்னால் ஐந்து பேர் என்று நிற்பார்கள். பின்னால் நிற்கும் ஐந்து பேருக்கு ஒரு தனி கோச் ஏன் வேண்டும் என்பது இப்போது புரியும்.

ஸ்பெஷல் டீம்ஸ் கோஆர்டினேட்டர் உதைகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. இவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இவர் வேலைதான்.

கோஆர்டினேட்டர்களுக்குக் கீழே பொசிஷன் கோச்கள்: குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், ரிசீவர், அஃபென்சிவ் லைன், டிஃபென்சிவ் லைன், லைன்பேக்கர், டிஃபென்சிவ் பேக். இவர்கள் திட்டம் போடுவதில்லை. கால் வைப்பு, கை வைப்பு, கண் எங்கே பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லித் திருத்துவதுதான் வேலை. அஃபென்சிவ் லைன் கோச் இருக்கிறாரே, அவர் ஒரு மாலை முழுக்க முதல் அடியின் நீளத்தைப் பற்றி மட்டும் பேசுவார். ஒரு அணியில் எண்பது தொண்ணூறு வீரர்கள் இருப்பார்கள். பொசிஷன் கோச் இல்லாவிட்டால் மூன்றாம் வரிசையில் நிற்கும் முதலாண்டுப் பையனை யாருமே பார்க்கமாட்டார்கள்.

ஹெட் கோச்சின் கையில் இருப்பவை: மூன்றாவது டவுனில் துணிவதா உதைப்பதா, டைம்-அவுட், எதிரணி செய்த தவறுக்கான தண்டனையை ஏற்பதா விடுவதா, யார் அணியில் இருப்பது. மைதானத்துக்கு வெளியே ஆள் சேர்ப்பு, பணம், பல்கலைக்கழக நிர்வாகம், வீரர்களின் படிப்பு. பல அணிகளில் ஹெட் கோச்சே ஒரு கோஆர்டினேட்டர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். பணம் மிச்சம்தான், ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. அடுத்த பிளேவை யோசித்துக்கொண்டே டைம்-அவுட் கணக்கையும் பார்க்க முடியாது. ஒவ்வொரு பாதியிலும் கடைசி மூன்று நிமிடத்தில் கடிகார விதி மாறும், அங்கேதான் சொதப்பல் நடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலில் 12 பெயர் இருந்தாலும் முழு நேரச் சம்பளக்காரர்கள் பல பல்கலைக்கழகங்களில் சிலர்தான். பொசிஷன் கோச்களில் நிறைய பேர் பகுதி நேரம் அல்லது தன்னார்வம், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். உங்கள் நாலு பேரின் நிலைமைக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

விதிவிலக்கு லவால் பல்கலைக்கழகம். கியூபெக் நகரத்து அணி. 1996இல் தனியார் ஆதரவோடு தொடங்கி, 1999இலேயே வேனியர் கோப்பையை வென்றது. 1965 முதல் நடக்கும் தேசியக் கோப்பை அது. நாடு முழுக்க 27 அணிகள், நான்கு பிராந்தியம். 2001 முதல் அங்கே ஹெட் கோச் க்ளென் கான்ஸ்டன்டின். 2024 வரை அவர் தலைமையில் மட்டும் பதினொரு கோப்பை. ஒரே ஆள் அத்தனை காலம் ஒரே இடத்தில் இருந்தது மட்டும் காரணம் இல்லை. உதவி கோச்களுக்கும் முழு நேர வேலை கொடுத்து நிலைக்க வைத்தார்கள். வருடா வருடம் கோஆர்டினேட்டர் மாறும் அணியில் வீரர்கள் வருடா வருடம் புதுப் பெயர்களையும் புதுச் சைகைகளையும் மனப்பாடம் செய்துகொண்டே இருப்பார்கள், விளையாட்டு முன்னேறாது.

கொருக்குப்பேட்டை ஸ்டாப்பர்:

மேலே எழுதிய அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா தம்பி, அதைப் பார்த்துட்டு நாளைக்கே "நீ அட்டாக் கோச், நீ டிஃபென்ஸ் கோச்"னு பிரிச்சுடாதீங்க. அங்க பந்து கை மாறினா விசில், ஆள் மாற்றம், மூச்சு வாங்க நேரம் எல்லாம் இருக்கு. நம்ம ஆட்டத்துல பந்து போன அடுத்த செகண்டே அதே பதினோரு பேர் டிஃபென்ஸ் ஆடணும். பந்து போன அந்த அஞ்சு செகண்ட் யாருடைய பொறுப்பு? அட்டாக் கோச் "பிரஸ் பண்ணு"ம்பார், டிஃபென்ஸ் கோச் "பின்னால வா"ம்பார். உங்க ரைட் பேக் இப்ப மாட்டிட்டு முழிக்கிறது சரியா அந்த இடத்துலதான்.

அதனால பிரிவினை வேற மாதிரி இருக்கணும். வயசு வாரியா ஒருத்தர்: அண்டர்-13க்கு ஒரு கோச், அண்டர்-15க்கு ஒரு கோச், அண்டர்-17க்கு ஒரு கோச். அந்த டீமுக்கு அவர்தான் ஹெட், மேட்ச்ல அவர் குரல் மட்டும்தான் கிரவுண்டுக்குள்ள போகணும். நாலாவது கீப்பர் கோச், மூணு டீமுக்கும் பொது. இதுக்கு மேல ஒவ்வொருத்தரும் மூணு டீமுக்கும் சேர்த்து ஒரே ஒரு கூடுதல் வேலையை எடுத்துக்கணும். ஒருத்தர் கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன். ஒருத்தர் உடம்பு, வார்ம்-அப், காயப் பதிவு. ஒருத்தர் வீடியோ, எதிரணி. கீப்பர் கோச் கோல்-கிக்கை எப்படித் தொடங்குறதுங்கிறதை எடுக்கட்டும், ஏன்னா அந்தப் பந்து அவர் பையன் கால்ல இருந்துதான் கிளம்புது.

"பந்து போனா என்ன செய்யணும்"ங்கிறதை நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மூணு டீமுக்கும் ஒரே மாதிரி எழுதிக்கணும். உதாரணத்துக்கு, எதிரணி பாதியில பந்து போனா கிட்ட இருக்கிற ரெண்டு பேர் உடனே நெருக்கணும், மத்தவங்க நடுவுல சுருங்கணும். நம்ம பாதியில போனா கோலுக்கும் பந்துக்கும் நடுவுல வர்றதுதான் முதல் வேலை. இவ்வளவு சின்னதா இருந்தாலே போதும். இது எழுத்துல இல்லாத வரைக்கும் எத்தனை பதவி கொடுத்தாலும் கூச்சல் நிக்காது.

வியாசர்பாடியில இருந்து தன்பால் கணேஷ், நந்தகுமார்னு இந்தியாவுக்கே ஆடினவங்க வந்திருக்காங்க. பசங்ககிட்ட கால் வித்தை இருக்கு. அதைக் கெடுக்காம வழி காட்டுறதுக்கு ஒரே குரல் வேணும், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை டு ஹாமில்டன்:

ஸ்டாப்பர் சொல்வது முழுக்கச் சரி. அங்கே தாக்குதல், தடுப்பு என்று பிரிவதற்குக் காரணமே ஆட்டம் நின்று நின்று நடப்பதுதான்.

இப்போது ஸ்பெஷல் டீம்ஸ். மூன்று டவுன் விதியால் கனடாவில் உதைகள் அதிகம். அமெரிக்க ஆட்டத்தில், உயரே வரும் பந்தை வாங்குகிறவர் கை காட்டிவிட்டுத் தொந்தரவில்லாமல் பிடிக்கலாம். கனடாவில் அந்த வசதி இல்லை. பதிலாக, அவர் பந்தைத் தொடும் வரை உதைத்த அணியினர் ஐந்து கெஜம் தள்ளி நிற்க வேண்டும். பிடித்ததும் அவர் ஓடியாக வேண்டும். பந்து எண்ட் ஜோனுக்குள் போய், அதை வெளியே கொண்டுவர முடியாவிட்டால் உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. அதை ரூஜ் என்பார்கள். ஓடி வெளியே வருவதா, ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து நல்ல இடத்திலிருந்து தொடங்குவதா? இதை அந்த நொடியில் பையன் யோசிக்கக்கூடாது. மீதி நேரம், புள்ளி வித்தியாசம், காற்று மூன்றையும் வைத்து கோஆர்டினேட்டர் முன்பே முடிவு செய்து உள்ளே அனுப்புவார்.

இவர் வேலையின் சிரமம் வேறொரு இடத்தில் இருக்கிறது. இவருக்கென்று சொந்த வீரர்கள் கிடையாது. எல்லாரும் அஃபென்ஸ் அல்லது டிஃபென்ஸ் ஆட்கள். பயிற்சியில் அவர்களை இவருக்கு விட்டுக்கொடுக்க மற்ற இரண்டு கோஆர்டினேட்டருக்கும் மனசு வராது. ஹெட் கோச் நேரத்தாளிலேயே இவருக்கு இடம் ஒதுக்கி, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொன்னால்தான் நடக்கும். நடக்காத அணிகளை ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம். உதை அணிக்கு 11 பேர்தான் ஓடி வருவார்கள், அல்லது 13 பேர் நிற்பார்கள். யார் காயப்பட்டால் யார் உள்ளே வருவது என்ற மாற்றாள் பட்டியல் இல்லாததுதான் காரணம்.

உங்கள் கார்னர், ஃப்ரீ கிக் கோச்சுக்கும் இதே கதி வரும். "கடைசியில் நேரம் இருந்தால் பார்த்துக்கலாம்" என்று விட்டால் நேரம் இருக்கவே இருக்காது. பயிற்சியின் நடுவில் வையுங்கள்.

அங்கே பயிற்சித் தாள் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரிந்திருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் 24 பீரியட். ஒவ்வொன்றிலும் எந்தக் குழு எந்த மூலையில், எந்த கோச்சிடம், என்ன பயிற்சி என்று எழுதியிருக்கும். ஹார்ன் அடித்தால் பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். உங்கள் 90 நிமிடத்துக்கு இப்படி வரலாம்: வார்ம்-அப் 15, பொசிஷன் வாரியாக 20, சிறு குழுவாக 15, செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) 10, ஆட்டம் 25, தளர்த்தல் 5. பொசிஷன் நேரத்தில் மூன்று வயதுப் பிரிவையும் கலந்து, தடுப்பாளர்கள் ஒரு மூலை, நடுக்களம் ஒரு மூலை, முன்கள ஆட்கள் ஒரு மூலை, கீப்பர்கள் கோல் போஸ்டில். நாலு கோச், நாலு மூலை. பாதி மைதானம் தாராளமாகப் போதும். பெரிய பையன்களோடு சின்னப் பையன்கள் உடம்பு மோதும் பயிற்சி மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

ராயபுரம் பிசியோ:

எல்லாரும் கோச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். கனடா அணிகளின் பட்டியலில் கீழே இன்னொரு பெயர் இருக்கும்: அத்லெடிக் தெரபிஸ்ட், வீரர்களின் காயத்தைப் பார்க்கிறவர். அந்த அமைப்பில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இதுதான். தலையில் அடிபட்ட வீரரை வெளியே எடுப்பது, திரும்ப விடுவது இரண்டிலும் மருத்துவக் குழுவின் பேச்சுதான் கடைசி. ஹெட் கோச் கூட அதை மாற்ற முடியாது. ஒன்டாரியோ மாகாணத்தில் 2018இல் ரோவன் சட்டம் என்றே ஒன்று நிறைவேறியது. ரக்பியில் தலையில் அடுத்தடுத்து அடிபட்டு 2013இல் இறந்துபோன ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண்ணின் பெயரில் வந்த சட்டம். விளையாட்டு வீரர்களும் கோச்களும் மூளை அதிர்ச்சி பற்றிய தகவலை வருடா வருடம் படித்து உறுதி செய்ய வேண்டும் என்கிறது.

நம் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லை, ஆனால் தலையும் தலையும் மோதும், முழங்கை படும், கீப்பர் போஸ்டில் இடிப்பார். நாலு கோச்சில் ஒருவர், அன்று அணியை நடத்தாத ஒருவர், இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அணியை நடத்துகிறவருக்கு ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும், அது இயல்பு. அதனால்தான் இந்த முடிவு அவர் கையில் இருக்கக்கூடாது.

மோதலுக்குப் பிறகு தலைவலி, தலைசுற்றல், மங்கலான பார்வை, "என்ன ஸ்கோர்?" என்றால் தடுமாற்றம், மெதுவான பதில், இதில் ஒன்று இருந்தாலும் பையன் அன்று திரும்ப உள்ளே போகக்கூடாது. தண்ணீர் தெளித்து எழுப்பி விடுவது வேண்டவே வேண்டாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், மயக்கம், நினைவு மங்குதல் இருந்தால் 108ஐ அழையுங்கள். கழுத்து வலி இருந்தால் அசைக்காமல் படுத்த நிலையிலேயே வையுங்கள். வடசென்னைக்கு ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

திரும்ப வருவது படிப்படியாக. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. வீட்டுக்குள் லேசான நடமாட்டம் பரவாயில்லை, செல்போன் திரையைக் குறைக்க வேண்டும். பிறகு ஆறு படி: அன்றாட வேலை, லேசான ஓட்டம் அல்லது சைக்கிள், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒரு படிக்கு குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கூடினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பையன்களுக்குப் பெரியவர்களை விட அதிக நாள் பிடிக்கும். பள்ளிக்கூடம் முழு நேரம் போக முடியாத பையன் கிரவுண்டுக்கும் வரக்கூடாது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பெயர், எப்படி அடிபட்டது, எந்தப் படியில் இருக்கிறான். கணுக்கால், முழங்கால் எல்லாம் அதே நோட்டில். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தப் பயிற்சியில் அடிபடுகிறார்கள் என்பது தெரியும்.

வியாசை லெஃப்ட் விங்:

அண்ணா, பிசியோ மேடம், எல்லாருக்கும் நன்றி. வயசு வாரியா ஒரு ஹெட், ஆளுக்கு ஒரு கூடுதல் வேலைங்கிறது உடனே செய்யலாம். ரெண்டு சந்தேகம். கார்னருக்கு எத்தனை பிளான் வச்சுக்கலாம்? அங்க வீடியோ எடுத்துப் படிக்கிறாங்களே, அது ஃபோனை வச்சு நடக்குமா?

கொருக்குப்பேட்டை ஸ்டாப்பர்:

அண்டர்-17க்கு அட்டாக்குல மூணு, டிஃபென்ஸ்ல ஒண்ணு. அதுக்கு மேல வச்சா மேட்ச்ல மறந்துடுவாங்க. அண்டர்-13க்கு ஒண்ணே ஒண்ணு போதும்.

நம்ம கார்னர்னா பதினோரு பேரை இப்படிப் பிரிங்க: அடிக்கிறவன் 1, ஷார்ட்டா வாங்க 1, பாக்ஸுக்குள்ள 5, பாக்ஸ் விளிம்புல தெறிச்சு வர்ற பந்துக்கு 1, நடுக்கோட்டுல 2, கீப்பர். பாக்ஸுக்குள்ள போற அஞ்சு பேரும் ஒரே இடத்துக்கு ஓடுறதுதான் வழக்கமான தப்பு. முதல் போஸ்ட் ஒருத்தன், கீப்பர் முன்னாடி ஒருத்தன், பெனால்ட்டி ஸ்பாட்ல இருந்து ரெண்டு பேர் லேட்டா, ரெண்டாவது போஸ்ட் ஒருத்தன். ஷார்ட் ஆள் நின்னா எதிரணியில ரெண்டு பேர் வெளிய வந்தாகணும், இல்லன்னா நமக்கு அங்க ரெண்டுக்கு ஒண்ணு. எதிரணி 9.15 மீட்டருக்கு உள்ள நிக்கக்கூடாதுங்கிறதையும் பசங்களுக்குச் சொல்லிக்கொடுங்க.

நடுக்கோட்டுல நிக்கிற ரெண்டு பேரைப் பத்தி யாரும் கவலைப்படுறதில்ல. நம்ம கார்னர்ல பந்து பறிபோய் நாம வாங்குற கோல் எல்லாம் அங்கதான் பிறக்குது. வேகமான பசங்களை அங்க வைங்க, உயரமானவங்களை இல்ல.

ஒவ்வொரு பிளானுக்கும் மாற்றாள் பேர் எழுதணும். கார்னர் அடிக்கிற பையனை 60வது நிமிஷம் மாத்திட்டீங்கன்னா அடுத்து யார் அடிக்கிறது? அண்ணன் மேல சொன்ன 11 பேர், 13 பேர் கதை இதேதான்.

எம்கேபி நகர் வீடியோ:

ஃபோன்ல தாராளமா நடக்கும். அங்க பக்கவாட்டுல உயரத்துல ஒரு கேமரா, கோல் பின்னாடி ஒரு கேமரானு ரெண்டு வைப்பாங்க. ஹட்ல்னு ஒரு மென்பொருள்ல ஏத்தி ஒவ்வொரு பிளேவுக்கும் எத்தனாவது டவுன், எத்தனை கெஜம் பாக்கி, எந்த அமைப்பு, என்ன நடந்ததுனு குறிச்சுடுவாங்க. அப்புறம் "ரெண்டாவது டவுன், ஏழு கெஜத்துக்கு மேல பாக்கி"னு தேடினா அது மட்டும் வரிசையா வரும். சனிக்கிழமை மேட்ச்னா ஞாயித்துக்கிழமை நம்ம ஆட்டம், திங்கக்கிழமையில இருந்து எதிரணி.

உங்களுக்கு ஒரு ஃபோன் போதும், ஆனா உயரம் வேணும். தரையில வச்சா கிட்ட இருக்கிறவன் முதுகுதான் தெரியும். நடுக்கோட்டுக்கு நேரா, சுவர் மேலயோ மொட்டை மாடியிலயோ ட்ரைபாட். 1080, 30 ஃபிரேம் போதும். நிமிஷத்துக்கு 100ல இருந்து 130 எம்பி ஆகும், 80 நிமிஷ மேட்ச்சுக்கு 10 ஜிபிக்கு மேலேயே காலியா இருக்கணும். ஏரோபிளேன் மோட்ல போடுங்க, கால் வந்தா சில ஃபோன்ல ரெக்கார்டிங் நின்னுடும். சாயங்கால வெயில் நேரா ஃபோன் மேல பட்டா சூடாகி கேமரா தானாவே அணைஞ்சுடும். கவரைக் கழட்டுங்க, மேல ஒரு அட்டை வச்சு நிழல் கொடுங்க. லென்ஸ் சூரியனைப் பார்க்காம மேற்குப் பக்கம் நின்னு கிழக்கைப் பார்த்து எடுங்க. பாதி நேரத்துல நிறுத்தி புது ஃபைலா ஆரம்பிங்க. ஒரு ஃபைல் கெட்டாலும் இன்னொரு பாதி தப்பிக்கும்.

முழு மேட்ச்சையும் பசங்களுக்குப் போட்டுக் காட்டாதீங்க, தூங்கிடுவாங்க. ஒரு பையனை நோட்டோட உட்கார வைங்க. கார்னர், ஃப்ரீ கிக், கோல்-கிக், நம்ம பாதியில பந்து போனது, இந்த நாலை மட்டும் நிமிஷத்தோட எழுதச் சொல்லுங்க. கூட மூணு விஷயம்: எந்தப் பக்கம், முதல்ல தொட்டது யார், தெறிச்ச பந்து யாருக்கு. அப்புறம் ஆறேழு துண்டு வெட்டி, பத்து நிமிஷம் காட்டினா போதும். தப்பு செஞ்ச துண்டுக்கு ஈடா நல்லா செஞ்ச துண்டும் அதே அளவு இருக்கணும், குறிப்பா சின்னப் பசங்களுக்கு.

பெரம்பூர் ஓரம்:

யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். கனடாவில் கோச்களுக்கு இருவர் விதி என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சி பெற்ற, பின்னணி சரிபார்த்த இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும், ஒரு கோச்சும் ஒரு பிள்ளையும் மூடிய அறையிலோ வண்டியிலோ தனியாக இருக்கக்கூடாது. வெளியூர் டோர்னமென்ட் போனால் தங்கும் அறை, மசாஜ், ராத்திரி வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பையனுக்கு அனுப்பும் செய்தி குழுவில் போக வேண்டும், அல்லது அம்மா அப்பாவில் ஒருவருக்கும் போக வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பெண் பிள்ளைகள் பிரிவு தொடங்கினால் ஒரு பெண் கோச் இல்லாமல் தொடங்காதீர்கள்.

சான்றிதழ் பற்றி: அங்கே தேசியக் கோச்சிங் சான்றிதழ் திட்டம் உண்டு, பாதுகாப்பாக மோதுவது எப்படி என்று தனிப் பாடமே உண்டு. இங்கே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் லைசென்ஸ்கள் டி, சி, பி, ஏ என்று படிப்படியாக மேலே போகின்றன. நாலு பேரும் ஒரே நேரத்தில் போக முடியாது, வேலை இருக்கிறது. முதலில் அண்டர்-13 கோச்சை அனுப்புங்கள். நல்ல கோச்சைப் பெரிய பையன்களுக்கு வைக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. பந்தை வாங்கும் முதல் தொடுதல் படிவது பன்னிரண்டு பதிமூன்று வயதில்தான், அங்கேதான் தெரிந்தவர் தேவை.

வியாசை லெஃப்ட் விங்:

ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு. மேட்ச் அன்னைக்கு மத்த மூணு கோச்சும் என்ன செய்யணும்? சும்மா நிக்கச் சொன்னா நிக்கமாட்டாங்க.

தண்டையார்பேட்டை டு ஹாமில்டன்:

சும்மா நிற்கச் சொல்லாதீர்கள். அங்கே பாதி கோச்கள் மேலே ஒரு அறையில் உட்கார்ந்து ஹெட்செட்டில் கீழே பேசுவார்கள். உயரத்திலிருந்து அமைப்பு தெரியும், கூட்டத்தின் சத்தம் தலைக்கேறாது. உங்கள் அணியில் ஒருவர் வீடியோ இருக்கும் மாடியில் இருக்கட்டும். எதிரணியில் ஆள் குறைவாக இருக்கும் பக்கம் எது, நம் நடுக்களத்துக்கும் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு, இந்த இரண்டை மட்டும் ஃபோனில் ஹெட் கோச்சுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த ஃபோனும் வீடியோ எடுக்கும் ஃபோனும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

இரண்டாமவர் பெஞ்சில் மாற்று வீரர்களோடு. கையில் ஒரு அட்டை: செட் பீஸ் இடங்கள், மாற்றாள் பெயர்கள், மஞ்சள் அட்டை வாங்கியவர்கள், மீதமுள்ள மாற்றங்கள். உள்ளே போகும் பையனிடம் இவர் மூன்றே விஷயம் சொல்வார்: எந்த இடம், நம்ம கார்னரில் எங்கே, எதிரணி கார்னரில் யாரை. மூன்றாமவர் பிசியோ மேடம் சொன்ன பொறுப்பு, கூடவே கீப்பரின் வார்ம்-அப். இடைவேளையில் முதல் மூன்று நிமிடம் கோச்கள் நாலு பேர் மட்டும் தனியாகப் பேசிவிட்டு, அதன் பிறகு பசங்களிடம் ஹெட் மட்டும் பேசட்டும். பசங்கள் அந்த மூன்று நிமிடத்தில் தண்ணீர் குடித்து முடித்திருப்பார்கள்.